கீழ்ப் பீலித் தேத்தண்ணி

தண்ணீரைப் பார்த்தால் மற்றவர்களுக்குத் தாகம் வரும். எனக்குச் சந்தேகம் வரும். பாலாற்றங்கரையில் பிறந்தவள் நான். எங்கள் ஆற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்ததைவிட நுரை ஓடிப் பார்த்ததுதான் அதிகம். அந்த ராசியோ என்னவோ, பிழைப்பும் அதிலேயே அமைந்துவிட்டது. சென்னையில் ஒரு பரிசோதனைக் கம்பெனியில் வேலை. எண்ணெய் கசிந்த இடம், சாயம் இறங்கிய இடம், எதையோ புதைத்துவிட்டு மறந்துபோன இடம் என்று ஊர் ஊராகப் போய், மண்ணுக்குள் இருக்கும் தண்ணீரை அளந்து பாட்டிலில் பிடித்து வருவேன்.

அதற்கென்று மண்ணில் குழாய் இறக்கி, மூடி போட்டுப் பூட்டி வைத்திருப்பார்கள். கண்காணிப்புக் கிணறு என்று பெயர். கிணறு என்றதும் ராட்டினத்தையும் கயிற்றையும் நினைக்க வேண்டாம். கையை விட்டால் சிக்கிக்கொள்ளும், அவ்வளவு ஒடுக்கம். பூட்டைத் திறந்து, எத்தனை ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்று நாடாவை விட்டுப் பார்க்க வேண்டும். குழாயில் தேங்கிக் கிடக்கும் பழைய தண்ணீரை இறைத்துவிட்டு, மண்ணிலிருந்து புதிதாக ஊறி வருவதைப் பிடிக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆளுக்கு இந்த வேலை ஆகாது.

இந்தத் தடவை இலங்கை. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் கைமாறப் போகிறது. அங்கே ஃபேக்டரியில் கொழுந்து காயவைக்கும் அடுப்பு ஒரு காலத்தில் எண்ணெயில் எரிந்தது. பிறகு விறகுக்கு மாறிவிட்டார்கள். எண்ணெய்த் தொட்டி மட்டும் மண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. அது கசிந்திருந்தால் சுத்தம் செய்யும் செலவு யார் தலையில் விழும் என்பதுதான் பேச்சு. விற்கிறவருக்கு ‘சுத்தம்’ என்ற பதில் வேண்டும். வாங்குகிறவர்தான் எங்களை அனுப்புகிறார். ‘அழுக்கு’ என்று சொன்னால் விலையைக் குறைக்கலாமே என்று அவருக்கு ஆசை. இரண்டு பேரையும் நம்பக்கூடாது என்று கிளம்பும்போதே முடிவு செய்துகொண்டேன்.

என்னை மற்றவர்கள் நம்புவார்களா என்பதை யோசிக்கவில்லை. மலையேறும் ரயிலில் அதற்கான பதில் எதிர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தது. வெறும் சாக்குகளை மடித்து மடியில் வைத்திருந்த காய்கறி வியாபாரி. என் நீண்ட பையையும் அதிலிருந்து எட்டிப் பார்த்த பிளாஸ்டிக் உருளைகளையும் வெகுநேரம் பார்த்தார்.

“இந்தியாங்களா?”

“ஆமாம்.”

“என்னாங்க அது, குழாயா? மாணிக்கக்கல்லு தேடவா?”

தண்ணீரைச் சோதிக்க என்றேன். “தண்ணியா?” என்று ஜன்னலைக் காட்டினார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரயில் போகிற வழியெல்லாம் பாறைகளிலிருந்து தண்ணீர் வழிந்தது. பிறகு அவர் பக்கத்திலிருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். என் அருகே உட்கார்ந்திருந்த ஆசிரியப் பெண் குனிந்து மொழிபெயர்த்தார்: “புதையல் தோண்ட வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் ஏதாச்சும் சொல்லுவாங்களாம்.” கோபப்படலாமா என்று யோசிப்பதற்குள் வியாபாரி எனக்கும் சேர்த்து இறால் வடை வாங்கிவிட்டார். இறாலை ஓட்டோடு வடை மேல் உட்கார வைத்துப் பொரித்திருந்தார்கள். கடலிலிருந்து இவ்வளவு உயரம் ஏறி வந்த இறாலின் வயதைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் தின்றேன், நன்றாகவே இருந்தது.

தலவாக்கலை ஸ்டேஷனில் வேனோடு சுனில் காத்திருந்தார். தோட்டத்தார் ஏற்பாடு செய்த டிரைவர், சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசினார். வண்டி கிளம்பியதும் அவருக்கு ஒரு போன் வந்தது. வளைவுக்கு வளைவு பேசிக்கொண்டே ஓட்டினார். எனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல் ‘வத்துர’, தண்ணீர் என்று பொருள். தொழிலுக்கு வேண்டுமென்று கற்று வைத்திருந்தேன். அந்தப் பேச்சில் வத்துர திரும்பத் திரும்ப வந்தது. என்னைப் பற்றி யாருக்கோ தகவல் போகிறது என்று பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். நான் தங்கிய விடுதிக்காரரிடம் அன்று மாலை சுனில் சிரித்துக்கொண்டே சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது: வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை மூடாமல் பிள்ளைகள் நிரம்பி வழிய விட்டுவிட்டார்கள், மனைவி திட்டித் தீர்த்திருக்கிறாள். சரி என்று விட்டேன். ஆனாலும் அவர் பொய் சொல்லியிருக்கலாம் என்று ஒரு மூலையில் தோன்றிக்கொண்டுதான் இருந்தது.

தோட்டத்துக்குப் போன முதல் நாள் மதியம் பங்களாவில் சாப்பாடு. தோட்டத்து மேனேஜரை எல்லாரும் துரை என்கிறார்கள். நல்ல மனிதர்போல் பேசினார், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. சோறு, பருப்பு, லீக்ஸ் வதக்கல், மிளகாய் இடித்த கட்டைச் சம்பல். சம்பல் காரம் காதுவரை ஏறியது. கடைசியில் தேநீர். நம் ஊரில் பாலுக்குள் தேயிலையைத் தேட வேண்டும். இங்கே பால் கிடையாது, கோப்பையின் அடி தெரிந்தது. இரண்டு கோப்பை குடித்தேன். பங்களாவுக்குத் தண்ணீர் மலை உச்சியின் ஊற்றிலிருந்து தனிக் குழாயில் வருகிறது என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டுதான் குடித்தேன்.

பிறகு கண்டாக்கு பீட்டர் என்னை ஃபேக்டரிக்கு அழைத்துப் போனார். கண்டாக்கு என்றால் தோட்ட வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர். ஐம்பது வயதிருக்கும், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் குடை, வாயில் ‘மிஸ், மிஸ்’ என்று ஒரு குழைவு. ஒரு நிமிடம் என்னைத் தனியே விடவில்லை. செருப்பை உதறினால்கூட என்ன என்று கேட்டார். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபேக்டரிக்குப் பின்னால் போனதும் நின்றுவிட்டேன். பாதையோரக் கல் ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். புல் மழமழவென்று வெட்டியிருந்தது. தொட்டிக்கு மேல்பக்கம் ஒரு குழாய், கீழ்ப்பக்கம் இரண்டு குழாய். மூன்றுக்கும் புது வெள்ளைப் பெயின்ட், கழுத்தில் நீல வளையம். பூட்டுகளுக்கு எண்ணெய் வேறு போட்டிருந்தார்கள். திருஷ்டிப் பொட்டு வைக்காததுதான் குறை.

“எப்படி மிஸ்?” என்றார் பீட்டர் பெருமையாக.

எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வந்த இடத்தில் எண்ணெய் போட்ட பூட்டு, ஈரம் காயாத பெயின்ட். இரண்டின் ஆவியும் பாட்டிலில் ஏறினால் சோதனை பாழ். அறியாமல் செய்தார்களா, அறிந்து செய்தார்களா? அன்று எதையும் திறக்காமல், பூட்டுகளைத் துடைக்கச் சொல்லிவிட்டு விடுதிக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை ஐஸ் தேடினேன். பிடிக்கும் தண்ணீரைக் குளிர்ச்சியாகவே கொழும்பு லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். தலவாக்கலைக் கடைத்தெருவில் கம்பளித் தொப்பியும் மப்ளருமாக நின்றிருந்த மீன்காரரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இந்தக் குளிர்ல ஐஸாங்க? ராத்திரி அந்தப் பெட்டிய வெளிய வச்சாலே போதுமே.” மீனுக்கு மட்டும் ஏன் போட்டிருக்கிறீர்கள் என்றேன். “மீனை விசாரிக்க ஆள் வருவாங்க, தண்ணிய யாரு விசாரிக்கப் போறா?” என்று சொல்லியபடி அள்ளிப் போட்டார். என் பெட்டி அதற்குப் பிறகு கொழும்பு வரைக்கும் பாரை மீன் வாடை அடித்தது.

கிணறுகளைத் திறந்தேன். சில மாதங்களுக்கு முன் குழாய் இறக்கியவர்கள் எந்த ஆழத்தில் தண்ணீர் நின்றது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மேல் கிணற்றில் நாடாவை விட்டேன். எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் தண்ணீரைத் தொட்டு ‘பீப்’ என்றது. அடுத்ததிலும் அப்படியே. மூன்றாவதில், கீழே லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, பக்கத்தில் இருந்ததில், தண்ணீர் ஏறக்குறைய வாய்வரை நின்றது. உருளையை விட்டு மொண்டு பார்த்தேன். கண்ணாடிபோல் தெளிவு. மூக்கருகே கொண்டுபோனால் ப்ளீச்சிங் பவுடர் வாடை.

மண்ணுக்குள் ப்ளீச்சிங் பவுடர் ஊறாது. யாரோ நல்ல தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். கசிந்ததை மறைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது; இரண்டு குடம் போதும்.

“பீட்டர் சார், இதை யாராவது திறந்தார்களா?”

“ஒருத்தரும் கிட்ட வர ஏலாது மிஸ். சாவி எங்கிட்டதான். வெளியாளு ஈ, காக்கா கூட அண்டாது.”

சாவி இவரிடம்தான். சந்தேகம் தீர்ந்தது. அவர் முன்னாலேயே சென்னைக்குப் போன் போட்டு, கிணறுகளில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் தலைவரிடம் சொன்னேன். வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன். தலைவர் அலட்டிக்கொள்ளவில்லை. “இருக்கிறதைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். தேதி சொல்லியாகிவிட்டது” என்றார். யாரோ ஊற்றிய தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வர நான் எதற்கு என்று கேட்டுப் போனை வைத்தேன். பீட்டரின் முகம் சுண்ணாம்புக் கல்லைவிட வெளுத்திருந்தது. குடையை மடக்குவதும் விரிப்பதுமாக நின்றார். குற்றவாளிதான், வேறென்ன?

அப்போது, முந்தின நாளும் வந்த பெண் ஒருத்தி லயத்திலிருந்து தட்டில் தேத்தண்ணி என்று அவர்கள் சொல்லும் தேநீரோடு வந்தாள். கர்ப்பிணி, ஏழு மாதம் என்று பிறகு சொன்னாள். பெயர் ஜெயந்தி. கணவன் கொழும்பில் ஹார்ட்வேர் கடையில் வேலை. லயத்தின் கடைசி அறை, காம்பரா என்கிறார்கள், இவளுடையது. அங்கிருந்து மூன்றாவது கிணற்றுக்குக் கூப்பிடு தூரம்தான். “குடிங்க மிஸ், குளிருல நிக்கிறீங்க” என்றாள். இப்போதுதான் குடித்தேன் என்று பொய் சொன்னேன். நேற்றும் அதே பொய்யை அவளிடம் சொல்லியிருந்தேன். என் பையில் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

தட்டை வைத்துவிட்டு அவள் போகவில்லை. “மிஸ், ஒண்ணு கேக்கணும். இங்க ரெண்டு பீலி இருக்குங்க” என்றாள். பீலி என்றால் மலையூற்றுக்குத் தகரமோ மூங்கிலோ வைத்து விழவிட்ட தண்ணீர். கீழ்ப் பீலி லயத்துக்குப் பின்னாலேயே, எண்ணெய்த் தொட்டிக்கு நேர் கீழே. மேல் பீலி மலைக்குள், இரண்டாம் நம்பர் தேயிலை மலையைத் தாண்டி, செங்குத்துப் பாதை, அட்டைக்கடி. “மழை நாளையில கீழ்ப் பீலித் தண்ணி மேல கலர் கலரா மினுங்குதுங்க. வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு அதக் குடிக்கலாமான்னு பயமா இருக்கு. மேல ஏறினா, வழுக்கி விழுந்துருவேன்னு மிட்வைஃப் மிஸ் ஏசுறாங்க. எதுல எடுக்கட்டும், சொல்லுங்க.”

கெட்டுப்போன கிணறுகளின் எரிச்சலில் உண்மையைச் சொன்னேன். “இந்தக் கிணறுகள் சொல்லியிருக்கும் ஜெயந்தி. யாரோ உள்ளே நல்ல தண்ணீரை ஊற்றிக் கெடுத்துவிட்டார்கள்.”

அவள் கண் பீட்டர் பக்கம் போய்த் திரும்பியது. “கெடுக்கலைங்களே. நாந்தாங்க ஊத்தினேன்.”

கையிலிருந்த உருளையைக் கீழே வைத்தேன்.

“இந்தியாவுலேருந்து ஒரு மிஸ் வர்றாங்க, எல்லாம் சுத்தமா இருக்கணும்னு காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல சொன்னாங்க. எனக்கு இலேசு வேலை குடுத்தாங்க, பைப்பு கழுவுற வேலை. கண்டாக்கையாதான் தெறந்து விட்டாரு. உள்ள ஒரே ஊத்தை மிஸ், எண்ணெய் வாடை. விருந்தாளி வந்து தெறக்கறப்ப இப்புடியா நாறணும்னு எங்களுக்கே வெக்கமா போச்சு. மேல் பீலித் தண்ணியில பவுடரக் கரைச்சு ரெண்டு ரெண்டு குடம் ஊத்திக் கழுவினோம். மூணாவதுல நாலு குடம். அதுதான் ரொம்ப நாறுச்சு.”

அவள் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். சொல்லி முடிக்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டாள். “தப்புங்களா?” என்றாள்.

எந்தத் தண்ணீர் நல்லது என்று தெரியாமல் தவித்தவளே, அதைச் சொல்லக்கூடிய குழாயைத் தன் கையால் கழுவிவிட்டிருக்கிறாள். அதுவும் மேல் பீலித் தண்ணீரைச் சுமந்து வந்து. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. விளக்கிச் சொன்னபோது அவள் அழவில்லை, கோபம்தான் வந்தது. “நாத்தத்தப் பாக்கத்தான் வர்றாங்கன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா ஐயா?” என்று பீட்டரிடம் திரும்பினாள்.

பீட்டர் குடையை மடக்கினார். “எனக்குத் தெரிஞ்சாத்தானே புள்ள? எங்கப்பா காலத்துலேருந்து பெரிய ஆள் வர்றாங்கன்னா கல்லுக்குச் சுண்ணாம்பு, லயத்துக்குச் சுண்ணாம்பு, சாக்கடைக் கானெல்லாம் கழுவு. எதுக்கு வர்றாங்கன்னு கேட்டுப் பழக்கமில்ல மிஸ். கழுவித்தான் பழக்கம்.”

“துரை சொன்னாரா?” என்றேன். விடுவேனா?

“எல்லாத்தையும் க்ளீனா வைன்னாரு. எப்பவும் சொல்றதுதான்.”

எப்பவும் சொல்வதுதானா, இந்தத் தடவை அர்த்தத்தோடு சொன்னாரா? அந்த நல்ல மனிதர்போன்ற பேச்சும் லீக்ஸ் வதக்கலும் இன்றுவரை எனக்கு அரைகுறையாகத்தான் செரித்திருக்கின்றன. ஆனால் பீட்டர் முன்னால் உரக்கப் பேசிய போனை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. மன்னியுங்கள் என்றேன். அவர் அதைக் காதில் வாங்காதவர்போல் மழையைப் பார்த்தார்.

ஊற்றியதை எல்லாம் இறைத்தாக வேண்டும். மண்ணுக்குள் கசிந்துவிட்ட பங்கும் திரும்பி வந்து, அதையும் இறைத்து, கிணறு தன் சொந்தத் தண்ணீருக்குத் திரும்பும்வரை விடக்கூடாது. என் சின்னப் பம்பின் பேட்டரி, விடுதியில் மின்சாரம் இல்லாததால் செத்துக் கிடந்தது. கையால்தான் மொள்ள வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு சொம்பளவுகூட வராது. மொண்டதைத் தரையில் கொட்டவும் முடியாது. நாமே அழுக்கைப் பரப்பியதாகிவிடும். பீட்டர் ஃபேக்டரியிலிருந்து நீலப் பீப்பாய்களை உருட்டி வரச் சொன்னார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, என்னிடமிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். சுனிலும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். “வத்துரைக்கு வீட்டில் ஏச்சு, இங்கயும் வத்துர” என்றார் சுனில். அன்று மாலை வரைக்கும், மறுநாள் மதியம் வரைக்கும் இறைத்தோம். தண்ணீரில் உப்பை அளக்கும் உப்புமானியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எண் அலைந்துகொண்டே இருந்தது, சொந்தத் தண்ணீர் ஊறத் தொடங்கியதும் மெல்ல அடங்கி ஒரே இடத்தில் நின்றது.

மூன்றாவது கிணற்றில் ப்ளீச்சிங் வாடை போய், அதன் அடியிலிருந்து பழைய மண்ணெண்ணெய் விளக்கின் வாடை எழுந்தது. பீட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இதத்தான் கழுவினோம்” என்றாள் ஜெயந்தி. குமிழ் விழாமல் சின்னக் கண்ணாடிப் புட்டிகளை நிரப்பினேன். கிணறு மூன்று, அவ்வளவுதான் என் வேலை. ஆனால் யாரிடமும் கேட்காமல் கீழ்ப் பீலிக்குப் போய் அங்கேயும் பிடித்தேன். “முடிவு தெரியும்வரை மேல் பீலிக்கே போங்கள். நீ போகாதே, யாரையாவது எடுத்துத் தரச் சொல்” என்று அவளிடம் சொன்னேன்.

“எத்தனையோ பேரு வந்து போத்தல்ல தண்ணி கொண்டு போனாங்க. ஒருத்தரும் திரும்பி என்னான்னு சொல்லல. நீங்க சொல்லுவீங்களா?” என்றாள். சொல்வேன் என்றேன். முடிவை வேலை கொடுத்தவரைத் தவிர யாருக்கும் சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

பெட்டியைக் கட்டியதும் அவள் மறுபடி தேத்தண்ணி கொண்டுவந்தாள். லயத்து வாசலில் நாலைந்து பெண்கள் நின்று பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: “பங்களாவுல ரெண்டு கோப்பை குடிச்சீங்களாம். அங்க சமைக்கிறவரு சொன்னாரு. எங்க கையில வாங்கிக் குடிக்க மாட்டீங்களோ?”

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. நான் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டேன். அவள் அதைத் தன் சாதிக்குக் கிடைத்த பதிலாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். எப்படி எடுக்காமல் இருப்பாள்? எங்கள் தெருவே தோல் பதனிடுகிற தெரு. எங்கள் வீட்டுச் சொம்பைத் தொடாமல், தாகமில்லை என்று சிரித்துவிட்டுப் போன அதிகாரிகள் எத்தனை பேர்! அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் பால்குடி நாளிலிருந்து தெரியும். அதே சிரிப்பை மூன்று நாளாக இவளிடம் நான் சிரித்திருக்கிறேன்.

கிளாஸை வாங்கி, நின்ற இடத்திலேயே கடைசிச் சொட்டுவரை குடித்தேன். சூடாக, சீனி தூக்கலாக, பங்களாத் தேநீரைவிட நன்றாக இருந்தது. “நல்லா இருக்கு ஜெயந்தி” என்றேன். “கீழ்ப் பீலித் தண்ணிங்க” என்றாள், முகம் மலர்ந்து. வாசலில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். நான் குடித்தது வேறு, தண்ணீர்ச் சோதனை வேறு, இதை வைத்து அதை முடிவு செய்யாதே என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. அவள் தன் போனிலிருந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். “அக்கான்னு போட்டுக்கிறேன்” என்றாள். அதுவரை நான் மிஸ்.

கொழும்புக்குத் திரும்பும் வழியில் மண் சரிந்து பாதை அடைபட்டது. சுனில் வண்டியைத் திருப்பி நுவரெலியா வழியாகச் சுற்றினார். அங்கே ஐஸை மாற்றப் பெட்டியைத் திறந்தபோது ஒரு போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, சிங்களத்தில் ஏதோ கேட்டார். என்ன என்றேன். “இவ்வளவு சின்னப் போத்தலில் என்ன மருந்து என்கிறார்” என்றார் சுனில். “தண்ணி” என்று நான் சொன்னதைப் போலீஸ்காரர் நம்பவில்லை. ஒரு புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீழ்ப் பீலியில் பிடித்தது அது. வெறும் தண்ணீர் என்று தலையை ஆட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். பார்வைக்கு அது வெறும் தண்ணீர்தான்.

சென்னையில் முடிவு வந்தபோது அலுவலகத்தில் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது கிணற்றில் எண்ணெய் நிறைய. அது எதிர்பார்த்ததுதான். பீலியிலும் இருந்தது. கிணற்றளவு இல்லை, ஆனால் மனிதர் குடிக்கத் தகாத அளவு. தலைவரிடம் எடுத்துப் போனேன். “பீலி நம் வேலையில் இல்லையே. அறிக்கையில் வேண்டாம். வெளியே எவரிடமும் மூச்சு விடாதீர்கள், தோட்ட விற்பனைப் பேச்சு நடக்கிறது” என்றார். கேக்கை நீட்டினார்.

மொட்டைமாடிக்குப் போய் ஜெயந்திக்குப் போன் போட்டேன்.

“அக்கா! எப்ப வர்றீங்க?”

பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக உதைக்கிறதாம். தண்ணீர் எங்கே எடுக்கிறாய் என்றேன்.

“கீழதாங்கக்கா. அதான் நீங்களே குடிச்சுக் காட்டிட்டீங்களே. தண்ணி சோதிக்கிற ஆளே குடிச்சா அப்புறம் என்னா பயம்? இப்ப லயமே கீழதான் எடுக்குது. மேல ஏற வேண்டியதில்லன்னு எல்லாருக்கும் நிம்மதி.”

மூன்று நாள் குடிக்காமல் இருந்து அவளை நோகடித்தேன். ஒரு நாள் குடித்து லயம் முழுவதையும் அந்தப் பீலிக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவைச் சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டவள் நான். ஆனால் நான் எதைக் குடிப்பேன், எதைக் குடிக்க மாட்டேன் என்பதற்கு எந்தக் கம்பெனியிடமும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.

“ஜெயந்தி, நான் மறுபடி உன் வீட்டுக்கு வந்தால், மேல் பீலித் தண்ணீரில் தேத்தண்ணி போட்டுக் கொடு.”

“ஏங்கக்கா? நல்லா இருக்குன்னு குடிச்சீங்களே.”

“நல்லாத்தான் இருந்தது. உன் கையால் எத்தனை கிளாஸ் வேண்டுமானாலும் குடிப்பேன். கீழ்ப் பீலித் தண்ணீரில் மட்டும் இனி ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டேன்.”

அந்தப் பக்கம் குடத்தைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் வெகுநேரம் கொட்டியது. “சாந்தி அக்கோவ்! அடுப்புல இருக்கறதையும் ஊத்திருங்க. எல்லாரையும் கூப்புடுங்க, மேலதான் போகணும்!” என்று அவள் கத்துவது கேட்டது.

போனை அணைக்க மறந்து மடியில் செருகிக்கொண்டாள்போலிருக்கிறது. மழைச் சத்தம், வெறுங்குடம் எதிலோ இடிபடும் சத்தம், பெண்கள் குரல். பிறகு குரல்கள் அடங்கி, அவள் மூச்சு மட்டும் கேட்டது. ஏற ஏற அது வாங்கியது. பார்த்துப் போ, மெதுவாகப் போ என்று நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. சிக்னல் போகும்வரை காதிலேயே வைத்திருந்தேன்.